எரிவாயு மணத்தால் என்ன செய்வது? பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டிய வீட்டுப் பாதுகாப்பு

எல்லிங்ஸ்ருட் பகுதியின் தொடர்மாடிகளில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுட் பெரும்பாலானோர் தம் வீட்டுச் சமையலறையில் எரிவாயுச் சுவாலையைக் கண்டதில்லை. அவர்கள் அறிந்த அடுப்பு மின்னடுப்பு. அது தூண்டல் அடுப்பாயின், பாத்திரத்தை எடுத்தவுடன் வெப்பம் தருவதை நிறுத்திக்கொள்கிறது. 2010ஆம் ஆண்டு முதல் புதிதாக அமைக்கப்படும் சமையலறைகளில் ‘கொம்ஃபீர்வாக்ட்’ எனப்படும் அடுப்புக் காவற்கருவியும் பொருத்தப்பட வேண்டும் என மின்னமைப்பு விதிகள் கூறுகின்றன. அடுப்பு அளவுமீறிச் சூடேறினால் அக்கருவி மின்னோட்டத்தைத் துண்டித்துவிடும். இத்தகைய வீட்டில் வளரும் பிள்ளை, மறந்துபோன அடுப்பு தானாகவே அணைந்துவிடும் என எண்ணுவது இயல்பே.

அதே பிள்ளை கோடை விடுமுறையில் யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ சென்னையிலோ உள்ள அம்மம்மா வீட்டுக்குச் செல்கிறது. அங்கே அடுப்பின் அருகில் எரிவாயு சிலிண்டர் நிற்கிறது. லண்டனிலோ தொரொன்ரோவிலோ வாழும் மாமா வீட்டில் இயற்கை எரிவாயு குழாய் வழியே சமையலறைக்கு வருகிறது. நோர்வேயிலும் பால்கனியில் எரிவாயுக் கிரில், ‘ஹித்தா’ எனப்படும் மலைவீட்டில் புரோப்பேன் அடுப்பு, விழா மண்டபத்தின் பின்புறத்தில் பெரிய பானைகளுக்கான எரிவாயு அடுப்பு எனப் பல இடங்களில் பிள்ளைகள் எரிவாயுவை எதிர்கொள்கின்றனர். நாள்தோறும் பழகாத ஒன்றைத் திடீரெனச் சந்திக்கும் பிள்ளைக்கு அதைப்பற்றி முன்கூட்டியே கற்பிப்பது பெற்றோரின் பொறுப்பாகும். அதற்கு உதவும் செய்திகள் இங்கே தொகுத்துத் தரப்பட்டுள்ளன.

எரிவாயு ஏற்றுமதி செய்யும் நாடு, மின்சாரத்தில் சமைக்கும் நகரம்

நோர்வே உலகின் பெரிய எரிவாயு ஏற்றுமதி நாடுகளுள் ஒன்று. வட கடலில் எடுக்கப்படும் இயற்கை எரிவாயு கடலடிக் குழாய்கள் வழியே ஜெர்மனி, பிரித்தானியா முதலிய நாடுகளுக்குச் செல்கிறது. நோர்வேயின் வீடுகளோ பெரும்பாலும் நீர்மின்சாரத்தையே பயன்படுத்துகின்றன. ஸ்தவங்கர் பகுதி போன்ற சில இடங்களில் மட்டுமே வீடுகளுக்குக் குழாய்வழி இயற்கை எரிவாயு கிடைக்கிறது.

ஒஸ்லோவிலும் ஒரு காலத்தில் குழாய்வழி எரிவாயு இருந்தது. 1848ஆம் ஆண்டு தொடங்கிய நகர எரிவாயு ஆலை, நிலக்கரியிலிருந்து வாயு தயாரித்துத் தெருவிளக்குகளுக்கும் பின்னர் வீட்டு அடுப்புகளுக்கும் வழங்கியது. அந்த வாயுவில் கார்பன் மொனொக்சைட்டு கலந்திருந்ததால், அது எரியும் தன்மை உடையதாக மட்டுமன்றி நச்சுத்தன்மை உடையதாகவும் இருந்தது. 1978இல் அவ்வாலை மூடப்பட்டது. அதன்பின் வளர்ந்த ஒஸ்லோப் பிள்ளைகளுக்கு எரிவாயு என்பது வீட்டின் அன்றாடப் பொருளாக இல்லாமற்போயிற்று. ஆகவே பாடசாலையிலும் பாலர் பள்ளியிலும் நடைபெறும் தீப்பாதுகாப்புப் பாடங்கள் புகை, நெருப்பு, வெளியேறும் வழி ஆகியவற்றையே முதன்மையாகக் கொண்டுள்ளன. எரிவாயு பற்றிய பாடத்தை வீட்டில் நாமே சேர்க்க வேண்டியுள்ளது.

மேலே எழும் வாயுவும் கீழே படியும் வாயுவும்

பிள்ளைகளுக்கு விளக்குமுன் பெரியோர் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும்.

லண்டன், தொரொன்ரோ வீடுகளுக்குக் குழாயில் வருவது இயற்கை எரிவாயு. அதன் பெரும்பகுதி மெதேன். அது காற்றைவிட இலேசானது. கசிந்தால் மேலே எழுந்து கூரையை அண்டி நிற்கும். சிலிண்டரில் வருவது திரவமாக்கப்பட்ட பெட்ரோலிய வாயு. புரோப்பேனும் பியூட்டேனும் அதில் அடங்குவன. புரோப்பேன் காற்றைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கும், பியூட்டேன் ஏறத்தாழ இரு மடங்கும் கனமானவை. அவை கசிந்தால் தண்ணீரைப்போலத் தரையில் படர்ந்து, படிக்கட்டு வழியே இறங்கி, நிலவறையிலும் வடிகாலிலும் தேங்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் தேக்கம் நெடுநேரம் கலையாமல் இருக்கக்கூடும்.

காற்றில் மெதேன் ஏறத்தாழ 5 முதல் 15 வீதம் வரை கலந்திருக்கும்போது தீப்பற்றும். புரோப்பேனுக்கு ஏறத்தாழ 2 வீதமே போதுமானது. சிலிண்டருக்குள் திரவமாக இருக்கும் புரோப்பேன் வெளியேறி வாயுவாகும்போது ஏறத்தாழ 270 மடங்கு விரிகிறது. சிறு கசிவும் ஓர் அறையை நிரப்பவல்லது என்பதற்கு இதுவே காரணம்.

நோர்வேயில் வீட்டுச் சிலிண்டர்களில் புரோப்பேன் நிரப்பப்படுவதற்கும் காரணம் உண்டு. புரோப்பேன் −42 பாகை செல்சியசிலேயே கொதித்து வாயுவாகிவிடும். பியூட்டேனின் கொதிநிலையோ ஏறத்தாழ 0 பாகை. எனவே பனிக்காலத்தில் வெளியில் நிற்கும் பியூட்டேன் சிலிண்டர் வாயு தராது. வெப்ப நாடுகளான இலங்கையிலும் இந்தியாவிலும் பியூட்டேன் கலந்த கலவையே வழக்கில் உள்ளது. “இங்கே ஏன் வேறு சிலிண்டர்?” என்று கேட்கும் பத்து வயதுப் பிள்ளைக்கு இதனை விளக்கிக் கூறலாம். காரணம் புரிந்த விதியைப் பிள்ளைகள் மறப்பதில்லை.

மணம் ஏன் சேர்க்கப்படுகிறது

மெதேன், புரோப்பேன், பியூட்டேன் ஆகிய மூன்றுக்கும் இயல்பில் நிறமுமில்லை; நாம் நம்பியிருக்கக்கூடிய மணமுமில்லை. அழுகிய முட்டையையோ அழுகிய கோவாவையோ நினைவூட்டும் அந்தத் துர்நாற்றம், கந்தகம் கொண்ட ஒரு பொருளை மிகச் சிறிதளவு கலப்பதால் உண்டாவது. இவ்வழக்கம் பரவியதன் பின்னால் ஒரு பாடசாலையின் பெருந்துயரம் இருக்கிறது.

1937 மார்ச் 18ஆம் நாள், அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்னும் ஊரின் பாடசாலைக் கட்டடத்தின் அடித்தளத்தில் கசிந்து நிறைந்திருந்த இயற்கை எரிவாயு வெடித்தது. ஏறத்தாழ 300 பேர் உயிரிழந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் பிள்ளைகள். வாயுவுக்கு மணமில்லாததால் அது நிறைந்திருந்ததை எவரும் அறியவில்லை. தொழிற்கூடத்தில் ஒரு மின்கருவியை இயக்கியபோது எழுந்த பொறியே தீயை மூட்டியது எனக் கருதப்படுகிறது. அதன்பின் எரிவாயுவுக்கு மணம் சேர்க்க வேண்டும் என்ற சட்டம் டெக்சசில் இயற்றப்பட்டது. நாளடைவில் பல நாடுகளும் இம்முறையைப் பின்பற்றலாயின.

இன்று வாயுவின் அளவு, தீப்பற்றக்கூடிய மிகக் குறைந்த அளவின் ஐந்திலொரு பங்கை எட்டும்போதே மூக்கு உணரும் வகையில் மணம் சேர்க்கப்படுகிறது. அதாவது, மணத்தவுடன் செயற்பட்டால் பொதுவாக வெளியேற நேரம் இருக்கும். எனினும் மூன்று குறைபாடுகளைக் கருத்திற்கொள்ள வேண்டும். தடிமன் பிடித்தவருக்கு மணம் தெரியாது. ஒரே இடத்தில் நெடுநேரம் இருப்பவரின் மூக்கு அம்மணத்துக்குப் பழகிவிடும். வயது முதிர முதிர மணம் அறியும் திறன் குறையும்.

இவற்றுள் மூன்றாவது நம் குடும்பங்களுக்கு மிகவும் பொருந்துவது. அம்மம்மாவும் பேரப்பிள்ளையும் மட்டுமே வீட்டில் இருக்கும் வேளையில் முதலில் மணத்தை உணரப்போவது பிள்ளையின் மூக்காகவே இருக்கலாம்.

பெரியவரைத் தடுத்துச் சொல்லும் உரிமை

பெரியோர் பேசும்போது இடைமறித்தலாகாது, அவர்களுக்குக் கட்டளையிடலாகாது என்று நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். இது நற்பழக்கமே. ஆயினும் எரிவாயு மணக்கும் வேளையில் இதற்கு விலக்கு உண்டு என்பதை வெளிப்படையாகச் சொல்லி வைத்தல் வேண்டும். சொல்லாவிடில், விருந்தினர் நடுவே “காஸ் மணக்குது” என்று கூற ஒரு பிள்ளை தயங்கும். கூறினாலும் “பிறகு பாப்பம்” என்ற பதிலோடு அமைதியாகிவிடும்.

இத்தயக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அடுப்பின் குமிழைத் தானே திருகிவிட்ட பிள்ளை, ஏச்சுக்கு அஞ்சி அதனை மறைக்கும். ஆகையால் பெற்றோர் ஒரு வாக்குறுதி அளித்தல் நன்று: “காஸ் மணக்குது என்று நீ சொன்னால் உனக்கு ஒருநாளும் ஏச்சு விழாது. பிழையாகச் சொன்னாலும் பரவாயில்லை. நீயே திருகியிருந்தாலும் பரவாயில்லை. சொல்லு, அது போதும்.” இவ்வாக்குறுதியை அளித்தவர் அதனைக் காப்பாற்றவும் வேண்டும். பிள்ளை சொன்னது வெங்காய மணமாகவோ குப்பைத்தொட்டி மணமாகவோ இருந்தால், நகையாடாமல் பாராட்டுதல் வேண்டும்.

பெரியோர் பழக்கத்தால் செய்யும் சில செயல்களையும் பிள்ளை அறிந்திருக்க வேண்டும். மணம் வந்தவுடன் விளக்கைப் போட்டுப் பார்ப்பது, வாயுவை வெளியேற்ற மின்விசிறியைப் போடுவது, அடுப்பு எரிகிறதா என அறியத் தீக்குச்சி உரசுவது ஆகியவை நம் ஊர்ச் சமையலறைகளில் எளிதாக நிகழக்கூடியவை. மூன்றும் பொறியை உண்டாக்கும். “அம்மம்மா, காஸ் மணக்குது. லைட் போடாதேங்கோ, ஃபேனும் போடாதேங்கோ. வெளியிலை வாங்கோ” என்ற சொற்களைப் பிள்ளை தமிழில் சொல்லிப் பழகியிருத்தல் வேண்டும். நோர்வேஜிய மொழியில் மட்டும் விதிகளைக் கற்ற பிள்ளைக்கு அந்த வேளையில் தமிழ்ச்சொல் வாயில் வராமற்போகலாம்.

பிள்ளை செய்ய வேண்டிய நான்கு செயல்கள்

1. சத்தமாகச் சொல்லுதல். அழுகிய முட்டை போன்ற மணம் வந்தாலோ, அடுப்பு எரியாதபோது ‘உஸ்’ என்ற ஒலி கேட்டாலோ, அருகிலுள்ள பெரியவரிடம் உடனே உரக்கச் சொல்ல வேண்டும்.

2. எதையும் தொடாதிருத்தல். மின்விளக்கின் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. இரண்டிலும் பொறி எழக்கூடும். லைட்டர், தீப்பெட்டி, அழைப்புமணி, வீட்டினுள் கைத்தொலைபேசி ஆகியவற்றையும் தொடக்கூடாது. சிலிண்டரின் வாயிலை மூடுவது பிள்ளையின் வேலையன்று.

3. நிமிர்ந்து நடந்து வெளியேறுதல். பொம்மை, பை, மேலங்கி எதற்காகவும் நிற்கலாகாது. மின்தூக்கியைப் பயன்படுத்தாமல் படிக்கட்டில் இறங்க வேண்டும். அயலவரை அழைக்க வேண்டுமாயின் மணியை அழுத்தாமல் கதவைத் தட்ட வேண்டும்.

4. வெளியில் நின்று உதவி கேட்டல். குடும்பம் முன்னரே தீர்மானித்த இடத்தில் நின்று, அங்கிருந்தே தொலைபேசியில் அழைக்க வேண்டும். பெரியவர் அனுமதிக்கும் வரை உள்ளே திரும்பலாகாது.

மூன்றாவது செயல் குறித்துச் சிறிது விளக்கம் தேவை. நோர்வேப் பாலர் பள்ளிகளில் பிள்ளைகள் தீப்பாதுகாப்பை நன்கு கற்கின்றனர். நோர்வே தீப்பாதுகாப்புச் சங்கத்தின் ‘எல்டார், வன்யா’ பாடங்களும், தீயணைப்புப் படையினரின் ‘பியோர்னிஸ்’ என்னும் கரடிப் பொம்மையும் பல பிள்ளைகளுக்குப் பழக்கமானவை. புகை மேலே நிற்பதால் தரையோடு தவழ்ந்து செல்ல வேண்டும் என்பது தீயின்போது பின்பற்றும் விதி. சிலிண்டர் வாயுவோ தரையில்தான் படிந்து நிற்கும். அங்கே தவழும் பிள்ளை, வாயு செறிந்திருக்கும் உயரத்துக்கே தன் முகத்தைக் கொண்டு செல்கிறது. ஆகவே “புகை என்றால் குனிந்து போ, காஸ் மணந்தால் நிமிர்ந்து போ” என்று இரண்டையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும்.

கதவு குறித்தும் இவ்வாறே. தீயின்போது கதவைச் சாத்திவிட்டு வெளியேறுவது நெருப்புப் பரவுவதைத் தடுக்கும். எரிவாயுக் கசிவில் காற்றோட்டமே தேவை. யன்னல்களைத் திறப்பது, ஆபத்தின்றி இயலுமாயின், பெரியவர் செய்யும் வேலை. பிள்ளை யன்னலைத் தேடிப் போகவும் வேண்டியதில்லை. கதவைச் சாத்த நிற்கவும் வேண்டியதில்லை. நேரே வெளியேறினால் போதும்.

வயதுக்கேற்பக் கற்பித்தல்

*நான்கு வயதுக்குட்பட்டோர்:* இவர்களுக்கு விளக்கத்தைவிட எல்லையே பயன்படும். எரியும் அடுப்புக்கும் கிரிலுக்கும் முன்னால் ஒரு மீற்றர் தூரத்தைத் தரையில் காட்டி, “இது பெரியவர்களின் இடம்” எனப் பழக்கலாம். பானையின் கைப்பிடியை உட்புறம் திருப்பி வைப்பதும், குமிழ்களுக்குப் பாதுகாப்பு மூடி இடுவதும், லைட்டரைக் கைக்கெட்டாமல் வைப்பதும் பெரியோரின் பணி.

*நான்கு முதல் ஆறு வயது வரை:* மேற்கூறிய நான்கு செயல்களையும் விளையாட்டாகக் கற்பிக்கலாம். பெற்றோர் ஒருவர் “காஸ் மணக்குது!” என்று சொல்ல, பிள்ளை கைகளை மார்போடு கட்டிக்கொண்டு, எதையும் தொடாமல் வாசலுக்கு நடக்க வேண்டும். சுவரிலுள்ள சுவிட்சைக் கடந்து செல்லும்போது கை நீளாதிருப்பதே இவ்விளையாட்டின் வெற்றி.

*ஏழு முதல் பத்து வயது வரை:* மேலே எழும் வாயு, கீழே படியும் வாயு என்ற வேறுபாட்டை விளக்கலாம். தொலைபேசியில் முகவரி சொல்லப் பழக்க வேண்டும். தொடர்மாடியில் வாழ்வோர், வீதிப் பெயர், இலக்கம் ஆகியவற்றோடு வீட்டு அடையாள எண்ணையும் கற்பித்தல் நன்று. எடுத்துக்காட்டாக ‘எச் 0302’ என்பதில் 03 மூன்றாம் தளத்தையும் 02 அத்தளத்தின் இரண்டாவது வீட்டையும் குறிக்கும்.

*பதினொரு வயதுக்கு மேல்:* பெரியவர் அருகிலிருக்க, அடுப்பைப் பற்றவைக்கும் ஒழுங்கைக் கற்பிக்கலாம். தீயைத் தயாராக வைத்த பின்பே வாயுவைத் திறக்க வேண்டும். கிரிலின் மூடியைத் திறந்து வைத்தே பற்றவைக்க வேண்டும். முதன்முறை பற்றாவிடில் வாயுவை மூடி, சில நிமிடங்கள் காற்று வீச விட்டுப் பின்னர் முயல வேண்டும். பதின்ம வயதினர் நண்பர்களோடு மலைவீட்டுக்கோ கூடாரத்துக்கோ செல்லுமுன் இப்பாடம் முடிந்திருத்தல் அவசியம்.

மணத்தை அறிமுகப்படுத்துவதற்காகச் சிலிண்டரைத் திறந்து காட்டுதல் ஒருபோதும் கூடாது. விடுமுறையில் பெரியவர் அடுப்பைப் பற்றவைக்கும் கணத்தில் இலேசாக மணம் வருவதுண்டு. அப்போது “இதுதான் அந்த மணம், அடுப்பு எரியாதபோது இது வந்தால் சொல்ல வேண்டும்” என்று கூறினால் போதுமானது.

மணமே இல்லாத ஆபத்து

எரிவாயுவோ கரியோ விறகோ போதிய காற்றின்றி எரியும்போது கார்பன் மொனொக்சைட்டு உண்டாகிறது. அதற்கு மணம் கிடையாது. அதனைக் காட்டிக்கொடுக்க எவரும் மணம் சேர்ப்பதுமில்லை. அது இரத்தத்தில் ஒட்சிசன் செல்லும் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. தலைவலி, தலைச்சுற்று, குமட்டல், சோர்வு ஆகியன அறிகுறிகள். ஒரே அறையிலுள்ள பலருக்கு ஒரே வேளையில் இவ்வறிகுறிகள் தோன்றினால் உடனே வெளியேறி, 113க்கு அழைக்க வேண்டும்.

மழை பெய்கிறது என்பதற்காகக் கிரிலை வீட்டினுள் கொண்டுவருதல், குளிருக்காக அதனைக் கூடாரத்தினுள் வைத்தல், மூடிய கண்ணாடிப் பால்கனியில் சமைத்தல் ஆகியவை தவிர்க்கப்பட வேண்டியவை. மலைவீடுகளிலும் எரிவாயு பயன்படுத்தும் பிற இடங்களிலும் கார்பன் மொனொக்சைட்டு எச்சரிக்கைக் கருவி வைப்பது அறிவுடைமை. வீட்டுக் கூரையிலுள்ள புகை எச்சரிக்கைக் கருவி இவ்வாயுவையும் அறியாது, எரிவாயுக் கசிவையும் அறியாது. “அலாரம் அடிக்கவில்லை, ஆகவே ஆபத்தில்லை” எனப் பிள்ளைகள் எண்ணாதிருக்க இதனையும் விளக்க வேண்டும்.

பெரியோர் கவனிக்க வேண்டியவை

நோர்வேயின் குடிமக்கள் பாதுகாப்பு இயக்குநரகமான டி.எஸ்.பி.யின் விதிகளின்படி, ஒரு வீட்டினுள் வைத்திருக்கக்கூடிய எரிவாயுவின் உச்ச அளவு 55 லீற்றர். இது ஏறத்தாழ இரண்டு 11 கிலோ சிலிண்டர்களுக்குச் சமம். நிலவறையிலும் மேற்கூரை அறையிலும் புரோப்பேன் வைக்கக்கூடாது. தொடர்மாடிகளின் களஞ்சிய அறைகள் பெரும்பாலும் நிலத்தடியில் இருப்பதால், பனிக்காலத்தில் கிரில் சிலிண்டரை அங்கே கொண்டுபோய் வைக்கும் பழக்கம் பலரையும் ஆபத்துக்குள்ளாக்கும். குளிர் சிலிண்டரைப் பழுதாக்குவதில்லை. அது வெளியிலேயே நிற்கலாம். உங்கள் குடியிருப்புக் கூட்டுறவு இதனினும் கடுமையான விதிகளை வகுத்திருக்கக்கூடும். பால்கனியில் கரிக் கிரிலைப் பல கூட்டுறவுகள் அனுமதிப்பதில்லை. கிரில் வாங்குமுன் விதிகளைக் கேட்டறிதல் நன்று.

சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தியே வைக்க வேண்டும். ‘வெறும்’ சிலிண்டரிலும் வாயு எஞ்சியிருக்கும். நிரம்பியதைப் போலவே அதனையும் கையாள வேண்டும். குழாயை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுதல் நல்லது. வெடிப்போ விறைப்போ தெரிந்தால் உடனே மாற்ற வேண்டும். சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் இணைப்பில் சவர்க்கார நீரைப் பூசிப் பார்க்க வேண்டும். குமிழி எழுந்தால் கசிவு உண்டு. இச்சோதனையைப் பிள்ளைகள் சற்றுத் தொலைவில் நின்று பார்க்கலாம். கண்ணுக்குத் தெரியாத வாயுவை அவர்கள் கண்ணால் காணும் ஒரே வாய்ப்பு இது. தீச்சுடரைக் கொண்டு கசிவைத் தேடுதல் ஒருபோதும் ஆகாது.

எல்லிங்ஸ்ருடோசென் தரிப்பிடத்திலிருந்து நடந்தே ஓஸ்ட்மார்க்கா காட்டிற்குச் செல்லும் குடும்பங்கள் இன்னொரு விதியையும் நினைவிற்கொள்ள வேண்டும். ஏப்ரல் 15 முதல் செப்டெம்பர் 15 வரை காட்டிலும் அதன் அருகிலும் அனுமதியின்றித் தீ மூட்டுவது பொதுவாகத் தடைசெய்யப்பட்டுள்ளது. பயன்படுத்தி முடித்த சிறு எரிவாயுக் குடுவைகளை வீட்டுக் குப்பையில் இடாமல், அபாயக் கழிவாக ஹரால்ட்ருட் மீள்பயன்பாட்டு நிலையம் போன்ற இடங்களில் ஒப்படைக்க வேண்டும்.

விடுமுறைக்குப் புறப்படுமுன்

2021ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் இலங்கையில் சமையல் எரிவாயு தொடர்பான வெடிப்புகளும் தீ விபத்துகளும் அடுத்தடுத்து நிகழ்ந்தன. சனாதிபதி நியமித்த நிபுணர் குழு, சிலிண்டரிலுள்ள வாயுக் கலவையின் விகிதம் மாற்றப்பட்டதை முதன்மைக் காரணமாகச் சுட்டியது. வீட்டில் கவனமாகச் சமைத்தவர்களும் அவ்வேளையில் ஆபத்தை எதிர்கொண்டனர். தன் பிழையின்றியும் கசிவு ஏற்படலாம்; ஆகவே கசிவின்போது செய்ய வேண்டியதை வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும் என்பதே அந்நிகழ்வுகள் தரும் பாடம்.

உறவினர் வீட்டை அடைந்த முதல் நாளிலேயே, பெரியவர் ஒருவர் பிள்ளைகளை அழைத்துச் சென்று சிலிண்டர் அல்லது குழாய் வாயில் இருக்கும் இடம், வெளியேறும் வாசல், கூடி நிற்கும் இடம் ஆகிய மூன்றையும் காட்ட வேண்டும். அவ்வீட்டாரிடம் குழாய் எப்போது மாற்றப்பட்டது என்று கேட்பதில் தவறில்லை. இரவில் உறங்குமுன் சிலிண்டரின் வாயிலை மூடும் பழக்கத்தை அவ்வீட்டில் தொடங்கி வைக்கலாம்.

அவசர எண்கள் நாட்டுக்கு நாடு வேறுபடும். இலங்கையில் தீயணைப்புக்கு 110. நோர்வேயின் எண்ணும் அதுவே என்பதால் பிள்ளைகள் நினைவிற்கொள்வது எளிது. இந்தியாவில் சமையல் எரிவாயுக் கசிவுக்கு 1906, தீயணைப்புக்கு 101. பிரித்தானியாவில் எரிவாயு அவசர சேவை 0800 111 999. கனடாவில் 911.

நோர்வேயில் உதவி கேட்கும் முறை

எரிவாயுக் கசிவுக்கும் தீக்கும் 110; காவல்துறைக்கு 112; மருத்துவ அவசர உதவிக்கு 113. நச்சு வாயுவைச் சுவாசித்தமை பற்றிய ஆலோசனைக்கு நச்சுத் தகவல் மையத்தை 22 59 13 00 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம்.

வீட்டில் நோர்வேஜிய மொழியைச் சரளமாகப் பேசுபவர் பிள்ளையாக இருப்பின், 110க்கு அழைப்பவரும் அப்பிள்ளையாகவே இருக்கக்கூடும். ‘டெ லுக்தர் காஸ்’ என்றால் ‘எரிவாயு மணக்கிறது’ என்பது பொருள். ‘காஸ்லெக்காஷே’ என்றால் எரிவாயுக் கசிவு. இவ்விரு தொடர்களையும் தாத்தா, பாட்டி உட்பட வீட்டிலுள்ள அனைவரும் அறிந்திருத்தல் நன்று. எங்கிருந்து அழைக்கிறீர்கள், என்ன நிகழ்ந்தது, உள்ளே எவரேனும் இருக்கிறார்களா என்பவற்றை அழைப்பை ஏற்பவர் கேட்பார். அவர் சொல்லும் வரை தொடர்பைத் துண்டிக்கக்கூடாது. ஐயத்தின் பேரில் அழைத்து, பின்னர் கசிவு இல்லை எனத் தெரியவந்தாலும் அது குற்றமாகாது.

ஆண்டுதோறும் டிசம்பர் 1ஆம் நாள் நோர்வேயில் புகை எச்சரிக்கைக் கருவியைச் சோதிக்கும் நாளாகும். அந்நாளில் கருவியின் பொத்தானை அழுத்திப் பார்த்த பின், பிள்ளைகளோடு இந்நான்கு செயல்களையும் ஒருமுறை பயிற்சி செய்து பாருங்கள். விடுமுறைக்குப் பயணப்பெட்டி கட்டும் நாளில் மீண்டும் ஒருமுறை செய்யுங்கள். ஐந்து நிமிடங்களே தேவைப்படும் இப்பயிற்சியைப் பெற்ற பிள்ளை, எந்த நாட்டுச் சமையலறையில் அந்த மணம் வந்தாலும் தன்னையும் தன்னோடிருப்பவரையும் வெளியே அழைத்து வரும்.